பிளாக்கில் சதை மீதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

என் மாமனாருக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "சி.ஈ.ஏ. எவ்வளவு இருக்கு?" சில புற்றுகளில் ரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தின் அளவு அது. யாரோ ஒருவர் அந்தப் பரிசோதனை உண்டு என்று சொல்லியிருக்க, அந்த ஒற்றை எண்ணை வைத்தே எல்லாரும் பயப்படவும் ஆறுதல் அடையவும் ஆரம்பித்துவிட்டார்கள். அன்றிலிருந்து மாமாவின் கோப்பைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைகளுக்கும் லேபுகளுக்கும் நடந்தவள் நான்தான். நான் கணக்குப் படித்தவள், மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் அவருக்கு எந்த மருந்து, எதை நிறுத்துவது, எதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்ற ஒவ்வொரு முடிவும் எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலிருந்து பார்த்தேன். பெரும்பாலும் அது ரத்தத்திலிருந்து வரவில்லை. எண்டோஸ்கோபியில் கிள்ளியெடுத்த சதைத் துணுக்கில் இருந்த சில புரதங்களிலிருந்து வந்தது. இதே நிலையில் இன்று நிற்கும் ஒரு குடும்பத்துக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மாமாவுக்கு அப்போது 67 வயது. தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊர். இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது என்பார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அல்சர் என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கிய பிறகுதான் எண்டோஸ்கோபி செய்தார்கள். இந்த வயதில் புதிதாக வயிற்றுத் தொந்தரவும், காரணமில்லாத எடைக் குறைவும், ரத்தசோகையும் சேர்ந்து வந்தால் மாத்திரையில் நாளைக் கடத்தாமல் எண்டோஸ்கோபியைக் கேட்டு வாங்குங்கள். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பை பல காலமாக முன்வரிசையில் இருந்துவருகிறது. எங்கோ யாருக்கோ வருகிற நோய் இல்லை இது.

உள்ளூரில் எடுத்த பயாப்ஸி அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களில் வரும் புற்று, என்று வந்தது. சி.டி. ஸ்கேனில் கல்லீரலிலும் புள்ளிகள். சென்னையில் பார்த்த புற்றுநோய் மருத்துவர், உடனே அறுவை சிகிச்சை இல்லை, கீமோவில் ஆரம்பிக்கலாம் என்றார். "ஆனா அதுக்கு முன்னாடி அந்தச் சதையில சில மார்க்கர் பார்க்கணும். பிளாக்கை வாங்கிட்டு வாங்கம்மா" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஹெர்2, எம்.எம்.ஆர்., பி.டி.-எல்1. எந்த மருந்து ஒத்துவரும் என்று காட்டும் புரதங்களைத்தான் மார்க்கர் என்கிறார்கள். ஹெர்2 என்பது சில புற்றுச் செல்களின் சுற்றுச்சுவரில் அளவுக்கு மீறி இருந்து அவற்றை வளரத் தூண்டும் புரதம். மற்ற இரண்டையும் பின்னால் சொல்கிறேன்.

பிளாக் என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எண்டோஸ்கோபியில் எடுக்கும் துணுக்கை உடனே ஃபார்மலினில் போடுகிறார்கள். பிறகு அதிலிருக்கும் நீரை எடுத்துவிட்டு மெழுகில் புதைத்து வில்லை போலச் செய்கிறார்கள். அதுதான் பிளாக். அதை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு தடிமனுக்குச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். மார்க்கர் பரிசோதனையை ஐ.எச்.சி. என்கிறார்கள். குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை ஸ்லைடின் மேல் விடுவார்கள். அந்தப் புரதம் இருக்கும் இடம் பழுப்பு நிறமாகத் தெரியும். எத்தனை செல்லில், எவ்வளவு அழுத்தமாக, செல்லின் எந்தப் பக்கத்தில் நிறம் ஏறியிருக்கிறது என்று பேத்தாலஜி மருத்துவர் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுகிறார். இது முழுக்க மனிதக் கண்ணையும் சதையின் தரத்தையும் நம்பியிருக்கிற பரிசோதனை. இது எனக்குப் பெரிய அதிர்ச்சியாகவே இருந்தது. இயந்திரம் ஏதோ எண்ணைத் துப்பும் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிளாக்கை வாங்கிக்கொண்டுபோய் லேபில் கொடுத்தேன். மறுநாள் அங்கிருந்து டெக்னீஷியன் போன் செய்தார். "மேடம், இதுல ரெண்டே ரெண்டு துணுக்குதான் வச்சிருக்காங்க. ஒண்ணு கிட்டத்தட்ட தீர்ந்துபோச்சு. ஹெர்2 போடலாம், மத்ததுக்குச் சதை பத்தாது." ஹெர்2 மட்டும் செய்தார்கள். முடிவு 1+. அதாவது நெகட்டிவ்.

அதோடு விட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். மருத்துவர் அந்த முடிவை ஏற்கவில்லை. இரைப்பைப் புற்றில் ஹெர்2 எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது, கட்டியின் ஒரு மூலையில் அழுத்தமாக இருக்கும், அடுத்த மூலையில் சுத்தமாக இருக்காது, மார்பகப் புற்றைவிட இதில் இந்தக் கலப்பு அதிகம் என்றார். இரண்டு துணுக்கை வைத்து இல்லை என்று சொல்வது சரியில்லை, வெவ்வேறு இடத்திலிருந்து ஆறு முதல் எட்டுத் துணுக்காவது வேண்டும் என்றார். மறுபடி எண்டோஸ்கோபி.

மாமா மறுத்தார். "ஒரு தடவ குழாய விட்டது போதும்மா. இருக்கிற மருந்தக் கொடுக்கச் சொல்லு." அவரைச் சம்மதிக்க வைத்தது நான் இல்லை, அந்த மருத்துவர்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, உங்களுக்கு ஒத்துவர்ற மருந்து ஒண்ணு இருக்கா இல்லையான்னு தெரியாமலே கீமோ ஆரம்பிக்க எனக்கு மனசு வரல. பத்து நிமிஷ வேலை" என்றார். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, செய்யுங்க" என்றார்.

இரண்டாவது முறை எட்டுத் துணுக்கு எடுத்தார்கள். அவற்றில் மூன்றில் ஹெர்2 3+. மீதியில் ஒன்றுமே இல்லை. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரே கட்டி, ஒரே மனிதர், எங்கே கிள்ளினார்கள் என்பதைப் பொறுத்து முடிவே மாறியிருக்கிறது.

இந்த மதிப்பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது இது உதவும். ஹெர்2-வுக்கு 0, 1+, 2+, 3+ என்று நான்கு படி. 0, 1+ இரண்டும் நெகட்டிவ். 3+ பாசிட்டிவ். 2+ வந்தால் முடிவு நடுவில் நிற்கிறது. அப்போது ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனையில் அந்தப் புரதத்துக்கான மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2+ என்று வந்த ரிப்போர்ட்டோடு யாராவது "இல்லை" என்றால் ஃபிஷ் செய்தார்களா என்று கேளுங்கள். இன்னொன்று, மார்பகத்துக்கு மதிப்பெண் போடும் முறை வேறு, இரைப்பைக்கு வேறு. மார்பகத்தில் செல்லின் சுற்றுச்சுவர் முழுக்க நிறம் ஏறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். இரைப்பைச் சுரப்பிச் செல்களில் பக்கவாட்டிலும் அடியிலும் மட்டும் நிறம் ஏறி, மேல்பக்கம் வெறுமையாக இருந்தாலும் அது கணக்கில் சேரும். பயாப்ஸியில் ஐந்து செல்கள் கூட்டமாக அப்படித் தெரிந்தாலே போதும். அறுத்தெடுத்த முழுக் கட்டி என்றால் 10 சதவீதச் செல்கள் வேண்டும். ரிப்போர்ட்டில் இரைப்பைக்கான முறைப்படிதான் பார்த்தோம் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்பதில் தவறே இல்லை.

ஹெர்2 பாசிட்டிவ் என்றால் என்ன கிடைக்கிறது? கீமோவோடு, ஹெர்2-வைப் பிடித்துத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தைச் சேர்க்கலாம். 2010-இல் லான்செட்டில் வந்த டோகா ஆய்வுதான் இதற்கு அடிப்படை. கீமோ மட்டும் எடுத்தவர்களின் நடுமட்ட ஆயுள் 11.1 மாதம், டிராஸ்டுசுமாப் சேர்த்தவர்களுக்கு 13.8 மாதம். புரதம் நிறைய இருந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 11.8-க்கு எதிரே 16 மாதம். என் கணவர் இதைக் கேட்டுவிட்டு, "நாலு மாசம்தானா?" என்றார். எனக்கு அது சின்னதாகத் தெரியவில்லை. நடுமட்டம் என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டியும் இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த மாதங்களில் மாமா சாப்பிட்டார், வாய்க்கால் வரைக்கும் நடந்தார், பேத்திக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டார். இதை வைத்து எடை போடத்தான் எனக்குத் தெரியும்.

விலையைப் பற்றிப் பயந்துகொண்டேதான் கேட்டோம். 2014-இல் பயோகான் கான்மாப் என்ற பெயரில் இந்தியாவில் டிராஸ்டுசுமாபின் பயோசிமிலரை, அதாவது அசலுக்கு மிக நெருக்கமாக வேறு நிறுவனம் தயாரிக்கும் மருந்தை, கொண்டுவந்தது. இன்று பல நிறுவனங்களின் பயோசிமிலர்கள் இருக்கின்றன, விலையும் முன்பைவிடக் குறைவு. மருத்துவமனையில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் எந்த மருந்துக்கு எவ்வளவு ஒப்புதல் கிடைக்கும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இந்த மருந்து இதயத்தின் பம்ப் செய்யும் திறனைக் குறைக்கக்கூடும் என்பதால் ஆரம்பிக்கும் முன் எக்கோ எடுத்தார்கள், பிறகும் குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்தார்கள். அந்த எக்கோவைத் தள்ளிப்போடாதீர்கள்.

பி.டி.-எல்1 கதை எங்களுக்கு வேறு விதத்தில் முக்கியம். எங்கிருந்தோ இம்யூனோதெரபி என்ற சொல் வீட்டுக்குள் வந்துவிட்டது. என் கணவரும் நாத்தனாரும் வாய்க்காலை ஒட்டிய நிலத்தை விற்றாவது அதைப் போட்டுவிடுவது என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். பி.டி.-எல்1 என்ற புரதம் நம் உடம்பின் காவல் செல்களை அடக்கிவைக்கிறது. இம்யூனோதெரபி மருந்துகள் அந்த அடக்குதலை விலக்குகின்றன. இரைப்பையில் இதற்கு சி.பி.எஸ். என்ற மதிப்பெண் உண்டு. நிறம் ஏறிய புற்றுச் செல்களையும், லிம்போசைட்டுகள், மேக்ரோஃபேஜ்கள் என்ற காவல் செல்களையும் எண்ணி, மொத்தப் புற்றுச் செல்களின் எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்குவார்கள். எண்ணுவதற்குக் குறைந்தது 100 புற்றுச் செல்களாவது ஸ்லைடில் இருக்க வேண்டும். சதை ஏன் நிறைய வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஹெர்2 இல்லாதவர்களுக்கு, செக்மேட் 649 ஆய்வில் சி.பி.எஸ். 5-ம் அதற்கு மேலும் இருந்தவர்கள் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கீமோவோடு எடுத்தபோது நடுமட்ட ஆயுள் 11.1 மாதத்திலிருந்து 14.4 மாதமாகக் கூடியது. ஹெர்2 இருப்பவர்களுக்கு டிராஸ்டுசுமாபோடும் கீமோவோடும் பெம்ப்ரோலிசுமாப் என்ற இன்னொரு இம்யூனோதெரபி மருந்தைச் சேர்க்கலாம், ஆனால் பலன் சி.பி.எஸ். 1-ம் அதற்கு மேலும் இருப்பவர்களுக்குத்தான். மாமாவுக்கு வந்தது 1-க்கும் கீழே. மருத்துவர் தயங்காமல், "இவருக்கு இதுல பிரயோஜனம் இருக்கும்னு எனக்கு நம்பிக்கையில்ல, நிலத்த விக்காதீங்க" என்றார். ஒரு மார்க்கர் எந்த மருந்து வேண்டும் என்று சொல்வதைப் போலவே எது வேண்டாம் என்றும் சொல்கிறது. அத்தை இன்றைக்கும் அந்த நிலத்து நெல்லில்தான் சாப்பிடுகிறார். இம்யூனோதெரபி என்று யாராவது சொன்னவுடன் பணத்துக்கு அலைய ஆரம்பிக்காமல், சி.பி.எஸ். எவ்வளவு, எந்த ஆன்டிபாடியால் பார்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

எம்.எம்.ஆர். என்பது எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்ற நான்கு புரதங்கள். மரபணுவைப் படியெடுக்கும்போது வரும் பிழைகளைத் திருத்துகிறவை. இவற்றில் ஏதாவது ஒன்று செல்லில் காணாமல் போயிருந்தால் கட்டியில் பிழைகள் குவியும். அப்படிப்பட்ட கட்டிகள் இம்யூனோதெரபிக்கு மிக நன்றாகக் கட்டுப்படுகின்றன. அதனால் இந்த ஒரு பரிசோதனையில் புரதம் இல்லை என்று வந்தால் இடிந்துபோக வேண்டாம், அது ஒரு வழியைத் திறக்கிறது. மாமாவுக்கு நான்கும் இருந்தன. என் நாத்தனார் அன்று மருத்துவரிடம், "எங்களுக்கும் வருமா டாக்டர்?" என்று கேட்டார். எம்.எம்.ஆர். புரதங்கள் முழுசாக இருப்பதால் லிஞ்ச் என்ற பரம்பரை நோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு என்றார். இளம் வயதில், பரவலாகச் சுவரைத் தடிக்கச் செய்யும் டிஃப்யூஸ் வகைப் புற்று ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தால் சி.டி.எச்.1 என்ற மரபணுவைப் பார்க்கச் சொல்வார்களாம். ஈ-கெடெரின் என்ற புரதத்தைச் செய்யும் மரபணு அது. எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை.

இனி அந்த ரத்த எண்ணுக்கு வருகிறேன். மாமாவின் சி.ஈ.ஏ. ஆரம்பத்திலேயே கூடுதலாகத்தான் இருந்தது. முதல் கீமோவுக்குப் பிறகு எடுத்தபோது இன்னும் ஏறியது. வீட்டில் அழுகை. மருந்து பட்டுச் செல்கள் சாகும்போது கொஞ்ச நாள் ஏறலாம், பொறுங்கள் என்றார் மருத்துவர். பிறகு மளமளவென்று இறங்கியது. ஸ்கேனிலும் கல்லீரல் புள்ளிகள் சுருங்கின. ஆரம்பத்தில் கூடுதலாக இருந்தவர்களுக்கு, சிகிச்சை எப்படிப் போகிறது என்று தொடர்ந்து பார்க்க இது துணைக்கு வரும். துணைக்குத்தான். இரைப்பைப் புற்று உள்ள எத்தனையோ பேருக்கு சி.ஈ.ஏ. சாதாரணமாகவே இருக்கும். புகைபிடிப்பவர்களுக்குப் புற்று இல்லாமலே கூடலாம். சி.ஏ. 19-9 என்ற இன்னொரு ரத்த மார்க்கர் பித்தநாளம் அடைத்தாலே ஏறும். லூயிஸ் என்ற ரத்த வகைக் கூறு இல்லாத சிலரின் உடம்பு அதைத் தயாரிக்கவே தயாரிக்காது, அவர்களுக்கு எவ்வளவு முற்றினாலும் எண் ஏறாது. சி.ஏ. 72-4 என்று இன்னொன்றும் எழுதுவார்கள். மூன்றையும் ஒரே லேபில், ஒரே முறையில் எடுங்கள். லேப் மாறினால் எண்ணும் மாறும், அதை வைத்து ஒப்பிட முடியாது. இரண்டு ஸ்கேனுக்கு நடுவில் வாராவாரம் எடுத்துப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு கட்டத்துக்கு மேல் அந்த எண்ணை மாமாவிடம் சொல்வதையே நிறுத்திவிட்டோம், அவரே அப்படிக் கேட்டுக்கொண்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் நன்றாகப் போனது. பிறகு கல்லீரலில் புதிய புள்ளி வந்தது. அப்போது டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்ற மருந்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஹெர்2-வைப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள்ளேயே கீமோவைக் கொண்டுபோய் இறக்குகிற மருந்து. 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் சுங்கவரி நீக்கப்பட்ட மூன்று புற்றுநோய் மருந்துகளில் இதுவும் ஒன்று. அப்படியும் விலை எங்களுக்கு மிக அதிகம். இந்த முறை நாங்கள் விவரம் தெரிந்தவர்களாகிவிட்டோம், கல்லீரல் புள்ளியிலிருந்து பயாப்ஸி எடுத்து ஹெர்2 இன்னும் இருக்கிறதா என்று பார்க்கலாமா என்று நாங்களே கேட்டோம். மருத்துவரும் அதைத்தான் சொல்ல இருந்தார். எடுத்துப் பார்த்ததில் ஹெர்2 இல்லை. டிராஸ்டுசுமாப் எடுத்த பிறகு கணிசமான பேருக்கு இப்படிக் கட்டி அந்தப் புரதத்தை உதறிவிடுகிறது. பழைய ரிப்போர்ட்டை நம்பி அந்த மருந்தை வாங்கியிருந்தால் அது பிடிப்பதற்கு அங்கே எதுவுமே இருந்திருக்காது. மார்க்கர் கேட்காத பக்லிடாக்சல், ராமுசிருமாப் கூட்டுக்கு மாறினார்கள். சில மாதம் தாங்கினார். பிறகு மாமா போய்விட்டார், ஊரில், தன் கட்டிலில்.

அவருக்கு முதலில் பரிசோதனை எழுதியபோது இல்லாத ஒன்று இப்போது பட்டியலில் சேர்ந்திருக்கிறது. கிளாடின் 18.2. இரைப்பைச் செல்களை ஒன்றோடொன்று நெருக்கிக் கட்டிவைக்கும் புரதம் அது. ஹெர்2 இல்லாத, முற்றிய நிலையில் உள்ளவர்களின் கட்டியில் 75 சதவீதமோ அதற்கு மேலோ செல்களில் இது நடுத்தரமாகவோ அழுத்தமாகவோ நிறம் ஏறியிருந்தால், சோல்பெடுக்சிமாப் என்ற மருந்தைக் கீமோவோடு சேர்க்கலாம். இதற்கான பெரிய ஆய்வுகளில் பரிசோதித்தவர்களில் ஏறக்குறைய 38 சதவீதம் பேருக்கு இந்தப் புரதம் அந்த அளவுக்கு இருந்தது. 2024-இல் ஜப்பானும் அமெரிக்காவும் இந்த மருந்துக்கு ஒப்புதல் கொடுத்தன. சாதாரண இரைப்பையிலும் இந்தப் புரதம் இருப்பதால் வாந்தியும் குமட்டலும் அதிகம் வரும் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். ஆக இன்று ஒருவருக்கு நோய் தெரியவந்தால் பார்க்க வேண்டிய புரதங்கள் கூடியிருக்கின்றன, தேவைப்படும் சதையும் கூடியிருக்கிறது.

அதனால் எண்டோஸ்கோபிக்கு உள்ளே அழைத்துப் போகும் முன்பே சொல்லுங்கள்: புற்று மாதிரித் தெரிந்தால் ஆறு, எட்டுத் துணுக்கு எடுங்கள், பின்னால் மார்க்கர் பார்க்க வேண்டியிருக்கும். துணுக்கை உடனே ஃபார்மலினில் போட்டார்களா என்று கேளுங்கள். வெறும் சலைன் போதாது, அதேபோல ஃபார்மலினிலேயே நாட்கணக்கில் கிடந்தாலும் புரதம் கெடும். 6 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை என்பதுதான் ஹெர்2-வுக்குச் சொல்லும் அளவு. பண்டிகை விடுமுறைக்கு முந்தின நாள் எடுத்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது வெட்டிய ஸ்லைடை மட்டும் வாங்காமல் பிளாக்கையும் கேளுங்கள், ஏனென்றால் வெட்டிவைத்த ஸ்லைடில் நாளாக ஆக நிறம் மங்கலாக ஏறும். கையெழுத்துப் போட்டு வாங்குங்கள், பிளாக் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மே மாத வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், அது மெழுகு. தேவையான எல்லா மார்க்கரையும் ஒரே தடவையில் எழுதித்தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவை பிளாக்கைச் சீவ ஆரம்பிக்கும்போதும் மட்டம் பிடிக்கக் கொஞ்சம் சதை வீணாகிறது என்று அந்த டெக்னீஷியன்தான் சொன்னார்.

மாமாவின் காரியம் முடிந்த கையோடு சின்ன மாமா, அவருடைய தம்பி, ஒரு ஹெல்த் பேக்கேஜ் துண்டுச்சீட்டோடு வந்தார். சி.ஈ.ஏ., சி.ஏ. 19-9 எல்லாம் சேர்த்துத் தள்ளுபடியில் எடுக்கிறார்களாம். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு அந்த எண்கள் நோயைக் கண்டுபிடிக்கவும் உதவாது, இல்லை என்று உறுதி சொல்லவும் உதவாது என்று எடுத்துச் சொன்னேன். ஜப்பானில் பெப்சினோஜன் என்ற புரதத்தை ரத்தத்தில் பார்த்து, இரைப்பையின் உள்சுவர் நலிந்திருக்கிறதா என்று கணிக்கிறார்கள், ஆனால் அங்கேயும் அதற்கு அடுத்த படி எண்டோஸ்கோபிதான். அவருக்கு நான் சொன்னது ஹெலிகோபாக்டர் பைலோரி பரிசோதனை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே அந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்திவிட்டது. கூடப் பிறந்தவருக்கு இரைப்பைப் புற்று இருந்தால் அதைப் பார்த்து, இருந்தால் மருந்து எடுத்து ஒழிப்பது நல்லது. மூச்சிலோ மலத்திலோ பார்க்கும் பரிசோதனை என்றால் அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து வயிற்று அமில மாத்திரையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். சின்ன மாமா பான்டோபிரசோலைத் தினமும் காப்பிக்கு முன் போடுகிறவர். டாக்டரிடம் கேட்டு நிறுத்தினார், பரிசோதனை செய்தார், இருந்தது, மருந்தை முழுசாக முடித்தார். அடுத்த மாதம் எண்டோஸ்கோபிக்கு நாள் வாங்கியிருக்கிறோம்.